பியானோ வகுப்பும் பெற்றோரின் அதிகாரமும்



விருப்பமில்லாத பிள்ளையைச் சங்கீத வகுப்பில் கட்டாயப்படுத்தி உட்காரவைப்பது பாவமா என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, பூசை முடிந்தபின் கோவில் முற்றத்தில் கேட்டதால்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

நமது பங்கில் இப்போது பல வீடுகளில் கீபோர்டு இருக்கிறது. ஓரிரு வீடுகளில் பியானோவே உண்டு. ஆசிரியர் வாரத்தில் ஒருநாள் வந்து அரைமணியோ முக்கால்மணியோ சொல்லிக்கொடுத்துப் போகிறார். மற்ற ஆறு நாளும் பிள்ளையை அதன்முன் உட்காரவைப்பது தாயின் பாடு. அழுகை, பிடிவாதம், சில வீடுகளில் அடியும் உண்டு என்று கேள்வி. பணமும் செலவாகிறது. ஆகையால் இது அற்பமான கேள்வி அன்று. ஒரு மனிதனின் சித்தத்தின்மேல், அவன் சிறுவனாயிருந்தபோதிலும், நமக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் இதையொட்டிய ஒரு கேள்வியைத் தம்முடைய 'அரசியல்' நூலின் எட்டாம் புத்தகத்தில் எழுப்பினார். பிள்ளைகள் ஏன் தாங்களே வாசிக்கக் கற்கவேண்டும்? பிறர் வாசிப்பதைக் கேட்டு இன்புற்றால் போதாதா? ஸ்பார்த்தா நகரத்தார் வாசிக்கக் கற்காமலே நல்ல இசை எது, கெட்ட இசை எது என்று தங்களுக்குத் தெரியும் என்றார்களாம். அரிஸ்டாட்டில் அதை ஒப்பவில்லை. ஒரு தொழிலில் கைவைத்துப் பாராதவன் அதில் நல்ல நீதிபதியாவது அரிது என்றார். ஆகவே சிறுவயதில் கையால் கற்கட்டும், வயது வந்தபின் விட்டுவிட்டாலும் பாதகமில்லை, தீர்ப்புச் சொல்லும் செவி அவனிடம் நிலைத்திருக்கும் என்பது அவர் முடிவு. ஆனால் போட்டிகளில் வென்று கைதட்டல் வாங்குவதற்காகக் கற்பிப்பதை அவர் அடியோடு வெறுத்தார். குழந்தை வீட்டுச் சாமான்களை உடைக்காதிருக்க அர்க்கித்தாஸ் என்பவர் செய்த கிலுகிலுப்பையைப் பாராட்டி, வளர்ந்த பிள்ளைக்குக் கல்வியே அந்தக் கிலுகிலுப்பை என்றும் சொல்லி வைத்தார். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டார் இதை நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை இரண்டாம் மாதத்தில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அது தீர்ப்பு அல்ல. எதைத் தள்ளுகிறோம் என்பதே அதற்கு இன்னும் தெரியாது. வலக்கை ராகத்தை வாசிக்கும்போது இடக்கை வேறொன்றைத் தாங்கி நிற்கவேண்டும். ஒன்று மற்றொன்றைக் கேட்டுக்கொண்டே நடக்கவேண்டும். இரண்டு கையும் முதன்முறையாகச் சேர்ந்து ஒலிக்கும் நாள் வருமுன் விட்டுவிட்ட பிள்ளை சங்கீதத்தை விடவில்லை, விரல் வலியை மட்டுமே விட்டது. அதுவரையில் பெற்றோர் கட்டாயப்படுத்துவது பாவமல்ல, கடமையோடு சேர்ந்தது என்றே சொல்வேன். எழுத்தறிவுக்கும் ஜெபத்துக்கும் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்டா தொடங்கினோம்?

ஆனால் கட்டளையிடக்கூடியது செயலை மாத்திரமே. "உட்கார்" என்று சொல்லலாம், "நேசி" என்று சொல்ல முடியாது. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் பழக்கத்தைப்பற்றிச் சொல்லுமிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. செயல்கள் பெருகப் பெருகப் பழக்கம் வளரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவரோ, அசட்டையாய்ச் செய்த செயல் பழக்கத்தை வளர்ப்பதற்குப் பதிலாகத் தளரச் செய்யும் என்கிறார். கண்ணீரோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணிநேரம் தட்டுவதைக் காட்டிலும் கவனத்தோடு பதினைந்து நிமிஷம் வாசிப்பது மேல். அடித்து உட்காரவைக்கும் தகப்பன் மணிக்கணக்கை வாங்கிக்கொண்டு கவனத்தை இழந்துபோகிறான். பிள்ளைகள் மனமுடைந்துபோகும்படி கோபமூட்டவேண்டாம் என்று அர்ச். சின்னப்பர் கொலோசே நகரத் தகப்பன்மாருக்கு எழுதியது இங்கே முற்றிலும் பொருந்தும்.

இனி நோக்கத்துக்கு வருவோம். நோய் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளை நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆரம்ப நிலைக்குமேல் எட்டு கிரேடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று, நான்கு பாட்டுகள் தயாரித்தால் போதும். தேர்வு தன்னளவில் நல்லதே, ஆசிரியருக்கும் ஓர் அளவுகோல். ஆனால் வருஷம் முழுவதும் அந்த மூன்று பாட்டுகளையே தட்டி, சான்றிதழைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிய ஒரு பிள்ளை, கிறிஸ்மஸ் இரவில் பாட்டி கேட்ட எளிய பாட்டை வாசிக்கத் தெரியாமல் நின்றால், நாம் யாருக்காகச் செலவழித்தோம்? விருந்தாளி வந்ததும் "வா, வாசித்துக் காட்டு" என்று அழைக்கிறோமே, அப்போது பிள்ளை நமக்கு மகனா, வரவேற்பறைச் சாமானா? ஒருவனை நம் கௌரவத்துக்குக் கருவியாக்குவது, அவன் நம் சொந்தப் பிள்ளையானாலும், நியாயமல்ல.

சிலர் இதற்குப் பக்தியின் சட்டையை மாட்டுகிறார்கள்: "கோவிலில் வாசிக்கத்தானே சாமி கற்பிக்கிறோம்!" பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி வெளியிட்ட திருஇசைச் சாசனத்தில் பியானோவைக் கோவிலுக்குள் வாசிக்கலாகாது என்று விலக்கினார் என்பதை அவர்களுக்கு நினைப்பூட்டுகிறேன். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனுக்கு முதலிடம் தந்து, தகுதியான மற்ற வாத்தியங்களுக்கும் அதிகாரமுள்ளவர்களின் இசைவோடு கதவைத் திறந்தது. அப்படியிருந்தும் பியானோவின் சொந்த இடம் வீடுதான். கோவிலுக்கு வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் சர்வேசுரனுக்குக் கடன்பட்டவர்களாக மாட்டீர்கள்.

அர்ச். அல்போன்ஸ் லிகோரியாரின் தகப்பனார் நாப்போலி அரசின் கப்பற்படை அதிகாரி, கண்டிப்பானவர். மகனைத் தினமும் மூன்று மணிநேரம் ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தின்முன் உட்காரவைத்தார் என்றும், பதின்மூன்று வயதில் மகன் தேர்ந்த வித்துவானைப்போல வாசித்தார் என்றும் சரித்திரம் எழுதினவர்கள் கூறுகிறார்கள். உயர்குடி மகனுக்கு இந்த அலங்காரமும் வேண்டும் என்பது தகப்பனின் கணக்கு. மகனோ 1723-இல் வக்கீல் தொழிலை உதறி, 1726-இல் குருப்பட்டம் பெற்று, நாப்போலியின் ஏழைகளிடம் போனார். கற்ற சங்கீதத்தைக்கொண்டு அவர்கள் பாடத்தக்க பாட்டுகளைச் செய்தார். அவற்றில் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு இன்றும் இத்தாலி நாடெங்கும் பாடப்படுகிறது. மூன்று மணிநேரக் கட்டாயத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அந்தத் தகப்பன் விதைத்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. விளைச்சலைக் கையில் பிடித்து வைக்க அவரால் முடியவில்லை.

ஆகவே என் யோசனை: இரண்டு வருஷம் உறுதியாக நில்லுங்கள். அதன்பின் பிள்ளை யோசித்து "வேண்டாம்" என்றால் அதைத் தீர்ப்பாக மதித்து விட்டுவிடுங்கள். செலவழித்த பணத்தைச் சொல்லிக் காட்டவேண்டாம். பணம் என்றதும் இன்னொன்று: பிள்ளை வராத நாளுக்கு ஆசிரியரின் சம்பளத்தைப் பிடிப்பவர்கள் உண்டு. அவர் உங்களுக்காக அந்த நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தார். வேலையாளின் கூலியை நிறுத்திவைப்பது எந்தப் பாவங்களின் வரிசையில் இருக்கிறதென்று ஞானோபதேசத்தில் படித்திருப்பீர்கள்.

கடைசியாக, பெரியவர்களுக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். இளையராஜா கிராமத்திலிருந்து ஹார்மோனியத்தோடு வந்து, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேனாட்டு இசைக்குறிப்பும் கற்றபோது இருபது வயதைத் தாண்டியிருந்தார். அவர் மேதை என்பீர்கள். சரி, நாற்பத்தைந்து வயதில் குமாஸ்தா ஒருவர் கற்கத் தொடங்கினால் விரல் விறைப்பாய்த்தான் இருக்கும், அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். அவருக்குக் கிரேடும் இல்லை, கைதட்டலும் இல்லை. கட்டாயப்படுத்த ஒருவரும் இல்லாதபடியால், அவர் வாசிப்பது முழுக்க முழுக்க விருப்பத்தால்தான். தகப்பன் தப்பாக வாசித்துத் திரும்பத் தொடங்குவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடத்தை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்க முடியாது. சனிக்கிழமை வரும் ஆசிரியருக்கு இன்னொரு அரைமணி இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு