லேஞ்சியில் தைத்த சொல்

எங்கள் உம்மும்மாவின் அலுமாரியில், தன் கபனுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணிக்கு அடியில், ஒரு லேஞ்சி கிடந்தது. வெள்ளைப் பட்டு, வயதாகி மஞ்சளித்துப் போயிருந்தது. ஓரம் முழுக்க ஊதா நூலில் சிறு பூக்கள். நடுவில் ஆங்கில எழுத்துகளில் ‘மதர்’ என்று ஒரு சொல். அதன் கடைசி எழுத்தான ‘ஆர்’ கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கம் திரும்பியிருக்கும்.

உம்மும்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அரபுத்தமிழ்க் கிதாபுகளைத்தான் எழுத்துக்கூட்டி வாசிப்பார். 1944ஆம் ஆண்டில் அவருக்குப் பதினாறு வயது. கண்டி நகரத்துப் புடவைக் கடைக்காரர் ஒருவர் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளிடம் லேஞ்சிகளையும் நூலையும் கொடுத்தனுப்பி, கடதாசியில் வரைந்த எழுத்துகளைப் பார்த்து அப்படியே பூவேலை செய்து தரச் சொல்வாராம். வாங்குகிறவர்கள் பட்டாளத்துக்காரர். ஒரு லேஞ்சிக்குச் சில சதங்கள் கூலி. எழுத்துப் பிழைத்த இந்த ஒன்றை மட்டும் கடைக்காரர் திருப்பியனுப்பிவிட்டு, துணியின் விலையையும் கூலியில் கழித்துக்கொண்டாராம். அந்தக் கணக்கை உம்மும்மா மௌத்தாகும்வரை மறக்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவின் மரங்களுக்கிடையே அலுவலகக் கொட்டில்கள் எழும்பின. 1945இன் கடைசியில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போகும்வரை பர்மாப் போர்முனைக்கான கட்டளைகள் இங்கிருந்தே போயின. பிரித்தானியர், அமெரிக்கர், இந்தியர், ஆபிரிக்கர் என்று பல தேசத்துப் பட்டாளத்தார் நடமாடிய கண்டியை உம்மும்மா நேரில் பார்த்ததில்லை. பார்க்காத அவர்களுக்காகத் தைத்துக்கொண்டிருந்தார்.

இது கண்டியில் மட்டும் நடந்த காரியமல்ல. முதலாம் உலக யுத்தத்தின்போது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பெண்கள் மெல்லிய பட்டு வலைத்துணி நீளங்களில் பூக்களையும் கொடிகளையும் வாழ்த்துச் சொற்களையும் வரிசையாகத் தைத்துக் கொடுப்பார்கள். தொழிற்சாலைகள் அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டித் தபாலட்டைகளாக்கும். சிலவற்றில் சிறு பை போல ஒரு மடிப்பும், அதற்குள் ஒரு குட்டி வாழ்த்தட்டையும் இருக்கும். பதுங்குகுழியில் நின்றவன் அதை வாங்கி ஊருக்கு அனுப்புவான். இரண்டாம் யுத்தத்தில் அமெரிக்க முகாம்களில் தலையணை உறைகள் விற்றன. குஞ்சம் தொங்கும் மினுமினுப்பான துணியில் முகாமின் பெயரும், தாய்க்கோ காதலிக்கோ சகோதரிக்கோ ஒரு கவிதையும் அச்சாகியிருக்கும். ஒரே கவிதை ஆயிரம் தாய்மாருக்கு.

இதை உயர்தர வகுப்பில் சொல்லி லேஞ்சியையும் காட்டினேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: “சேர், கடையில வாங்கின சொல்லு எப்படி அவன்ட அன்பாகும்? தைச்சதும் வேற ஆள், எழுதினதும் வேற ஆள்.”

உடனே பதில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தது கேள்வி கேட்கும் முறைகளை. கேள்வியில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வதென்று படிப்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவளது கேள்விக்கு ஒரு பாதிப் பதில் கிடைத்தது. நாம் மனதின் அடியிலிருந்து சொல்லும் சொற்களில் எத்தனை நாமே ஆக்கியவை? ஸலாம் நாம் ஆக்கியதல்ல. மையித்து வீட்டு வாசலில் நின்று சொல்வதும் நாம் ஆக்கியதல்ல. ஓதும் துஆக்களில் பெரும்பாலானவை பிறர் கற்றுத் தந்தவை. அதனால் அவை பொய்யென்று யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் பொதுவான சொல்லுக்குள் அவரவர் நிய்யத்தை வைத்துச் சொல்கிறோம். எழுத வராத ஓர் உழவன் மகனுக்கு, உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல வெட்கப்படும் வயதில், கடையில் தொங்கிய லேஞ்சி ஒரு வாய் தந்திருக்கலாம்.

ஆனாலும் இது பாதிப் பதில்தான். துஆவை விற்று யாரும் இலாபம் பார்ப்பதில்லை. பார்த்தால் நாம் முகம் சுளிப்போம். லேஞ்சி விற்றவருக்கு யுத்தம் நல்ல வியாபாரம். அதோடு, லேஞ்சி எதைச் சொல்லியது என்பதைவிட எதைச் சொல்லாமல் விட்டது என்பதே எனக்கு உறுத்துகிறது. படைவீரரின் கடிதங்கள் தணிக்கையாகித்தான் போயின. தணிக்கை இல்லாவிட்டாலும் எந்தப் பிள்ளை உம்மாவுக்கு மலேரியாவையும் சேற்றையும் பக்கத்தில் விழுந்து செத்தவனையும் எழுதுவான்? பட்டில் பூவைத்தான் அனுப்புவான்.

இது பொய்யா? போரிலும், பிணங்கியவரைச் சேர்த்துவைப்பதிலும், கணவன் மனைவிக்கிடையிலும் பேசும் பொய்க்கு விலக்கு உண்டென்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அறிவிப்பு இருக்கிறது. பட்டாளத்துக்காரன் மனைவிக்கு அனுப்பிய லேஞ்சியில் அந்த மூன்றில் இரண்டு ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆனால் தம்பதியர் விடயத்தில் அந்தச் சலுகை பிரியத்தைக் கூட்டுவதற்கே தவிர, ஒருவர் மற்றவரின் உரிமையைப் பறிப்பதற்கல்ல என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். மகன் தாயின் தூக்கத்துக்காக உண்மையை மறைப்பது வேறு. அடுத்த மகனையும் படைக்குச் சேர்க்க நினைப்பவன் அதே பூவைக் காட்டி யுத்தம் அழகானது என்பது வேறு. துணி ஒன்றுதான்; அதைப் பிடித்திருக்கும் கை மாறுகிறது.

நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பதின்மூன்று வயதிருக்கும். அந்த லேஞ்சியை வாசித்து, “இதில உம்மா எண்டு இருக்கு” என்றேன். உம்மும்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தான் கூடுதலாகத் தைத்த இன்னொரு நீண்ட சொல்லை மேசையில் விரலால் எழுதிக் காட்டினார். நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகும் எழுத்துகளின் வடிவம் விரலில் இருந்தது. அது ‘ஸ்வீட்ஹார்ட்’. எனக்குக் காது சூடாகிவிட்டது. “அதுவும் உம்மாவப் போலத்தான்” என்றேன். அவர் நம்பினாரா தெரியாது, சிரித்தார்.

எல்லோருக்கும் லேஞ்சி வாங்கி அனுப்ப வாய்க்கவில்லை. 1944 பெப்ரவரி 12இல் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. ஏறக்குறைய 1,300 பேர் மாண்டார்கள். கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினரே அதில் அதிகம்; தாதியரும் இருந்தார்கள். கரையேறியிருந்தால் அவர்களில் சிலராவது கண்டிக் கடைகளில் ஏறி இறங்கியிருப்பார்கள். கண்டி யுத்த மயானத்துக்கு மாணவர்களை ஒருமுறை கூட்டிப் போனேன். பிரித்தானியரோடு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் அங்கே படுத்திருக்கிறார்கள். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நம்முடைய சொந்த யுத்தத்தில் துணி வேறு வேலை செய்தது. யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழிகளில் எடுத்த உடைகளையும் பொருட்களையும் 2025 ஓகஸ்ட் 5இல் மக்கள் அடையாளம் காண்பதற்காகப் பரப்பி வைத்தார்கள். சிறுபிள்ளையின் புத்தகப்பையும் விளையாட்டுப் பொருளும் அங்கே மீட்கப்பட்டவற்றில் இருந்தன. காணாமற்போனோரின் உறவினர் ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவற்றில் யாரும் ஒரு சொல்லும் தைத்திருக்கவில்லை.

அந்தச் செய்தியை வாசித்தபோது யூசுப் நபியின் சட்டைதான் நினைவுக்கு வந்தது. பொய் இரத்தம் பூசி அதை யஃகூப் நபியிடம் கொண்டுவந்தார்கள், தகப்பன் நம்பவில்லை. பல வருடங்கள் கழித்து அதே மகனின் வேறொரு சட்டை முகத்தில் போடப்பட்டபோது பார்வை திரும்பியது. செம்மணிக்குப் போன தாய்மாருக்கு என்ன வேண்டுமென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துணி தன் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும் என்பதா, இருக்கக்கூடாது என்பதா?

போன வருடம் பழம்பொருள் வாங்கும் ஒருவர் லேஞ்சிக்கு நல்ல விலை சொன்னார். எழுத்துப் பிழை இருப்பதால் மதிப்புக் கூட என்றார். கடைக்காரர் கழித்த கூலி, வட்டியும் முதலுமாக! உம்மா மறுத்துவிட்டா. ஏனென்று நான் கேட்கவில்லை. உம்மும்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன், இதை ஏன் இவ்வளவு காலம் வைத்திருக்கிறீங்க என்று.

“யாரோ ஒரு உம்மாவுக்குப் போக இருந்த சாமான், மகன்” என்றார். “எப்படி வீசுற?”

2003இல் அவர் மௌத்தானபோது கபன் துணியை எடுப்பதற்காக அலுமாரியைத் திறந்தோம். லேஞ்சியை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, பிறகு அதே இடத்தில் திருப்பி வைத்தோம்.