ஷ்மிட் நினைவிடத்து வெயில்

மார்கழி பிற்பாதியில் சென்னைக்கென்று ஒரு வெயில் வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் கிடக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், வருவதும் ஜனவரி முதல் வாரத்தில்தான். ஆனாலும் கதிர்கள் சாய்ந்து விழுவதால் வெயில் சுடுவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எலியட்ஸ் கடற்கரை. மணலில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வேற என்ன வேணும் என்று தோன்றிவிடும்.

அதே மணலில்தான் ஷ்மிட் நினைவிடம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்களைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கிய டென்மார்க்காரர் அவர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை வந்ததும் இதே பருவத்தில்தான். இவ்வளவும் தெரிந்த ஒருவன் இங்கே நிம்மதியாக வெயில் காயலாமா?

கரையில் பத்திரமாக நின்றபடி, கடலில் பிறர் படும் பாட்டைப் பார்ப்பதில் ஓர் இனிமை உண்டு என்றார் ரோமானியக் கவி லுக்ரீஷியஸ். பிறர் துன்பம் இனிக்கிறது என்பதல்ல, நமக்கு அது இல்லை என்பதே இனிக்கிறது என்பது அவர் விளக்கம். எனக்கு இது ஒப்பவில்லை. வெயில் இனிப்பதற்கு யாரும் மூழ்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் அது இனிக்கத்தானே செய்கிறது?

ஷ்மிட் மாதிரி ஒருவர் உயிரைக் கொடுத்து மீட்பது எதை? பெரிய லட்சியம் எதையும் இல்லை. யாரோ சிலருக்கு இன்னும் சில டிசம்பர்களை. அப்படியானால் ஒரு நல்ல வெயில் நாளை ரசிப்பது அந்த மரணத்துக்கு அவமரியாதை ஆகாது. அவர் எதற்காகத் தண்ணீரில் இறங்கினாரோ, அதைத்தான் நாம் அனுபவிக்கிறோம்.

இது எல்லாவற்றுக்கும் வசதியான சமாதானமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் ஒரு நிபந்தனை வேண்டும். ஒரு கூச்சல் கேட்டால் தலை திரும்புகிற அளவுக்காவது நம் ரசனை விழித்திருக்க வேண்டும். துக்கத்தில் தலை குனிந்தவனுக்கும் செல்போனில் மூழ்கியவனுக்கும் கடல் தெரியாது. ரசிப்பவன் கண்தான் தண்ணீர்மேல் இருக்கிறது.

பக்கத்து ஊரூர் குப்பத்துப் பெரியவர்கள் படகு நிழலில் காலை நீட்டிக் காற்று வாங்குவார்கள். அலையில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து, "தம்பி, ரொம்ப உள்ள போவாத" என்று குரல் வருவதும் அங்கிருந்துதான்.