தெரியாததை எழுதலாமா?

இறந்துபோன மக்களைப் பற்றி எவரும் எதையும் சொல்லிவிடலாம். அவர்கள் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. உயிரோடிருப்பவனுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு, தண்டனை உண்டு. ஆனால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மொஹஞ்சதாரோவில் செங்கல் அறுத்து வாழ்ந்த ஒருவனைப் பற்றி, பதினேழு வயது மாணவன் தன் விடைத்தாளில் மனம்போனபடி எழுதினால் கேட்பார் யார்? மதிப்பெண் ஒன்றிரண்டு குறையும், அவ்வளவே. சில வேளைகளில் அதுவும் குறைவதில்லை. அந்த ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு அப்பால் இதில் அறம் பற்றிய கேள்வி ஏதேனும் உண்டா என்பதையே இங்கே ஆராய விரும்புகிறேன்.

மாசி, பங்குனி மாதங்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் விளக்கு அணைய நேரமாகிறது. வரலாறு எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அப்போது இரட்டைத் துன்பம். பாடத்தின் சுமை ஒன்று. ‘இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?’ என்று உறவினர் தலையசைப்பது மற்றொன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12ஆம் வகுப்பு வரலாற்றுத் தாளை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டில் அது 3 மணி நேரம், 80 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 21, மூன்று மதிப்பெண் வினாக்கள் 6, எட்டு மதிப்பெண் கட்டுரை வினாக்கள் 3, மூலச்சான்றைக் கொடுத்து அதன்மீது கேட்கப்படுபவை 3, வரைபடம் ஒன்று. ஹரப்பாவிலிருந்து விடுதலைக் காலம்வரை பரந்து கிடக்கும் அப்பாடத்தில், பிள்ளைகளை அதிகம் அச்சுறுத்துவது தொடக்கத்தில் நிற்கும் பண்டைக் காலமே. பெயர்கள் அந்நியமானவை, ஆண்டுகளோ பின்னோக்கி ஓடுபவை.

இந்த அச்சத்துக்கு மருந்தாக ஓர் அறிவுரை எங்கும் வழங்கப்படுகிறது: “தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பக்கத்தை நிரப்பிவிடு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லையே!” ஆசிரியர்களும் சொல்கிறார்கள், பெற்றோரும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரண்டு மதிப்பெண் குறைவால் கல்லூரியில் இடம் கைநழுவிப் போன பிள்ளைகளைக் கண்டவர்கள் அவர்கள். ஆகவே மதிப்பெண் ஒரு பொருட்டல்ல என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேற நினைக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் அப்படிச் சொல்வது இரக்கமற்ற செயல்.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும்போது, விடை தெரியாத மாணவன் ஊகித்து ஒன்றைக் குறிப்பது பொய்யாகாது. ஊகமும் அங்கே இடம்பெறும் என்பது கேட்பவருக்கும் தெரியும், குறிப்பவருக்கும் தெரியும். இருவரும் அறிந்த உடன்பாட்டில் ஏமாற்று இல்லை. ஆனால் எட்டு மதிப்பெண் கட்டுரையில், இல்லாத ஒரு கல்வெட்டை இருப்பதாகவும், எவரும் கூறாத ஒன்றை ஓர் ஆய்வாளர் கூறியதாகவும் எழுதுவது வேறு வகையைச் சேர்ந்தது. அது சாட்சியம். சாட்சியத்துக்குரிய பொறுப்பு அனைத்தும் அதற்கு உண்டு. முன்னதை நான் அனுமதிப்பேன். பின்னதை அனுமதிக்க மாட்டேன்.

பண்டை வரலாற்றில் இப்பொறுப்பு ஏன் கூடுதலாகிறது? அங்கே நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பதனால்தான். சிந்துவெளி எழுத்தைப் பாருங்கள். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறியீடுகளை வரிசைப்படுத்தினார். இன்றளவும் அவற்றை அனைவரும் ஏற்கும்படி படித்தவர் ஒருவருமில்லை. அதைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். ஓர் அரசே பரிசு வைத்துத் தேடும் விடையைத் தெரியாது என்று சொல்ல ஒரு மாணவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மொஹஞ்சதாரோவில் கிடைத்த, ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த உயரமுள்ள கற்சிலைக்குப் ‘புரோகித அரசன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாடியும் பூவேலை மேலாடையும் கொண்ட அம்மனிதர் புரோகிதரா, அரசரா, வணிகரா என்பதற்குச் சான்று ஏதுமில்லை. மெசொப்பொத்தேமிய நாகரிகத்தை அறிந்திருந்த அகழ்வாய்வாளர்கள் அந்த உவமையால் இட்ட பெயர் அது. ‘ஹரப்பாவைப் புரோகித அரசர்கள் ஆண்டனர்’ என்று எழுதும் மாணவன், ஓர் உவமையை ஆட்சிமுறையாக்கிவிடுகிறான்.

இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. மொஹஞ்சதாரோவின் தெருக்களில் கிடைத்த எலும்புக்கூடுகளைக் கொண்டு, படையெடுத்து வந்த ஆரியர்கள் அந்நகர மக்களைக் கொன்று குவித்தனர் என்று மார்ட்டிமர் வீலர் 1947இல் எழுதினார். தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவர். சொல்லுக்கு எடை இருந்தது. பாடநூல்கள் அதை ஏற்றன. ஒரு தலைமுறை அதைத் தேர்வில் எழுதியது. 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அந்த எலும்புக்கூடுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அவை ஒரே காலத்தவை அல்ல என்றும், போரில் அழிந்த நகருக்குரிய அடையாளங்கள் அங்கில்லை என்றும் காட்டினார். நடந்ததற்குச் சான்றில்லாத ஒரு கொலைப்பழியை ஒரு மக்கள்மீது சுமத்தி எழுதியவர்கள் முழு மதிப்பெண் பெற்றார்கள். வீலர் பின்னாளில் தம் கருத்தின் வேகத்தைத் தணித்துக்கொண்டார் என்பது வேறு செய்தி.

எனவேதான் ‘யார் சொன்னார்?’ என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்கிறேன். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். சொன்னவர் யார்? வென்ற அசோகரே, தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில். சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அதே கல்வெட்டு. தோற்றவர்கள் தரப்பிலிருந்து ஒரு வரியும் நமக்கு வந்து சேரவில்லை. அவருடைய வருத்தத்தைச் சொல்லும் அக்கல்வெட்டு, கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு இரண்டு ஆணைகள் உள்ளன. துயரப்பட்ட மக்களிடம் மட்டும் அத்துயரைப் பேசாமல் விட்டது ஏன்? கூச்சமா, ராஜதந்திரமா? ஆய்வாளர்கள் பலவாறு கூறுவர். ‘அசோகரின் கல்வெட்டு கூறுகிறது’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்து எழுதும் மாணவன், மாண்டவர்களுக்கும் நியாயம் செய்கிறான், அசோகருக்கும் நியாயம் செய்கிறான்.

மனப்பாடத்தை நான் பழிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். மதரசாவில் ஓதியவன் மனனத்தை எப்படிப் பழிப்பான்? இப்னு மாலிக்கின் ஆயிரம் அடி இலக்கண நூலை வரி வரியாக மனத்தில் ஏற்றிய பிறகே விளக்கவுரைக்குச் செல்வோர் எத்தனையோ பேர். ஆனால் அங்கே மனனம் செய்யும் ஒவ்வொரு சொல்லுக்கும் உரியவர் இருக்கிறார். இது மூலம், இது உரை, இது உரைமேல் உரை, இது உஸ்தாதின் கருத்து என்ற பிரிவு கலையாமல் நெஞ்சில் நிற்கும். தேர்வுக்கால ‘கைடு’ நூல்களில் இல்லாதது இதுதான். அங்கே எல்லாச் செய்தியும் அநாதையாக நிற்கிறது. கல்வெட்டும் ஊகமும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு அச்சாகியிருக்கின்றன.

1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், வரலாற்றாசிரியர் வழுக்கி விழும் இடங்களை அதன் தொடக்கத்திலேயே காட்டுகிறார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்று அல்-மஸ்ஊதி போன்றோர் எழுதியதை எடுத்துக்கொண்டு, அத்தனை பெரிய படை அந்த நிலப்பரப்பில் எப்படி அணிவகுத்து நின்றிருக்க முடியும் என்று கேட்கிறார். சொன்னவர் பெரியவர் என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. சொல்லப்பட்டது நடக்கக்கூடியதா என்றும் பார்த்தார்.

இனி, படிக்கும் முறை பற்றிச் சிறிது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: செய்தி, அது எதிலிருந்து தெரிய வந்தது, அதை மறுப்போர் உண்டா. இப்படி எழுதிய செய்தி மறப்பதில்லை என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஒரு கயிற்றுக்குப் பதிலாக மூன்று கயிறுகளால் கட்டியதைப் போன்றது அது. கி.மு. ஆண்டுகளில் பிள்ளைகள் தடுமாறுவது இயல்பு. அசோகர் ஏறத்தாழ கி.மு. 268இல் ஆட்சிக்கு வந்து 232இல் மறைந்தார் என்றால் எண் குறைந்துகொண்டே போகிறது. 268 என்பது மூன்றாம் நூற்றாண்டு, இரண்டாம் நூற்றாண்டன்று. நீண்ட தாளில் கோடு ஒன்று கிழித்துக் கையால் ஒருமுறை குறித்துவிட்டால் இக்குழப்பம் தீரும். இரவில் அம்மாவுக்கோ நன்னிக்கோ ஒரு பாடத்தைக் கதைபோலச் சொல்லிக் காட்டுவதும் நன்று. நடுவில் அவர்கள் கேட்கும் எளிய கேள்விகள், வினாத்தாள் தயாரிப்பவருக்கும் தோன்றாதவை. தேர்வுக்கு முதல் நாள் இரவு விழித்துப் படிப்பதால் பயனில்லை, உறங்கட்டும்.

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள். நெஞ்சு படபடக்கும் நேரம் அதுவே. முன்பின் அறியாத ஒரு வினா கண்ணில் பட்டதும், மற்ற அனைத்தும் மறந்ததுபோலத் தோன்றும். அப்போது, அந்த வினாவையொட்டி உறுதியாகத் தெரிந்தவை இரண்டு இருந்தாலும் அவற்றை முதலில் எழுதலாம். அவற்றிலிருந்து பெறப்படும் கருத்தைக் ‘கருத இடமுண்டு’ என்ற சொல்லோடு அடுத்து எழுதலாம். சான்று கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்றே எழுதலாம். பக்கம் குறையும், அதனால் ஒன்றிரண்டு மதிப்பெண்ணும் குறையக்கூடும். அந்த இழப்பு உண்மையானதே. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தாள் சரியாக அமையாமல் திரும்பி வரும் பிள்ளையிடம் அன்று மாலையே விடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டிப் பார்க்கும் தந்தையருக்கு ஒன்று சொல்வேன்: அடுத்த தாளுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, முதலில் சோறு போடுங்கள். தவறிப்போனாலும் துணைத்தேர்வு இருக்கிறது.

வரைபடத்தை மட்டும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டாம். லோத்தல் குஜராத்தில் இருக்கிறது, காலிபங்கன் ராஜஸ்தானில் இருக்கிறது. இதில் ஆய்வாளர் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஐயத்துக்கே இடமில்லாத ஐந்து மதிப்பெண்கள் அந்தத் தாளில் அங்கேதான் இருக்கின்றன.