விரல் யாருடையது?

மூட வேண்டிய சன்ரூஃப் பாதி தூரம் வருகிறது, தயங்குகிறது, மறுபடி திறந்துகொள்கிறது. வெளியே பினாங்கு மழை. "கெட்டுப்போச்சு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த நேரத்தில் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. தன் வழியில் ஒரு விரல் இருப்பதாக அது நினைக்கிறது. அங்கே விரல் இல்லை என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

ஒரு தடவை தொட்டால் தானாக மூடிக்கொள்ளும் கூரைக் கண்ணாடிக்கு உலகம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 118ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரமும் ஐ.நா.வின் 21ஆம் எண் விதிமுறையும் இதில் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கின்றன. இடைவெளி 200 மில்லிமீட்டருக்கும் 4 மில்லிமீட்டருக்கும் நடுவே இருக்கும்போது ஏதாவது சிக்கினால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டுவதற்குள் கண்ணாடி பின்வாங்க வேண்டும். 100 நியூட்டன் என்றால் சுமார் 10 கிலோ அரிசி மூட்டையின் எடை. ஒரு பிள்ளையின் விரல்மேல் அதற்கு மேல் ஏறக்கூடாது.

கண்ணாடிக்குக் கண் கிடையாது. பெரும்பாலான கார்களில், மோட்டாரோடு இருக்கும் ஹால் சென்சார் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும். சுற்று திடீரென்று மந்தமானால் எதுவோ தடுக்கிறது என்று கணக்கு. தடுப்பது பிள்ளையின் கையா, தண்டவாளத்தில் காய்ந்துபோன கிரீஸா, பொட்டானிக்கல் கார்டன் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் காரை நிறுத்தியபோது விழுந்த இலைக்குப்பையா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆக, இதை வடிவமைத்தவர் முன்னால் இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று, இல்லாத விரலுக்காகப் பின்வாங்குவது. இன்னொன்று, இருக்கிற விரலைக் கவனிக்காமல் மூடுவது. இரண்டையும் முழுசா ஒழிக்க முடியாது, ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். அவர் முதல் தவறைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தக் கணக்கு எங்க ஊருக்குப் புதுசு இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து பினாங்கு சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் சாப்பிடுகிற ஊர். 2023 ஆகஸ்ட்டில் போஷ் நிறுவனம் கார்களுக்கான சில்லுகளையும் சென்சார்களையும் சோதிக்கும் மையத்தைப் பெருநிலப் பக்கம் திறந்தது. சோதனை வேலையில் இருக்கிறவர்கள் தினமும் இரண்டு வார்த்தைகளோடு குடும்பம் நடத்துகிறோம்: ஓவர்கில், எஸ்கேப். நல்ல சில்லைத் தூக்கி எறிந்தால் ஓவர்கில். கெட்டது தப்பித்து வெளியே போனால் எஸ்கேப். முதலாவதில் கம்பெனிக்குக் காசு நஷ்டம். இரண்டாவது எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில், யாரோ ஒருவர் பிரேக் மிதிக்கும்போது தெரியவரும்.

மாமாவின் ரீகாண்ட் காரில் பேட்டரி மாற்றிய வாரமே சன்ரூஃப் மூட மறுத்தது. வொர்க்‌ஷாப்பில் போமென் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு, செட்டா மாத்தணும்" என்றார். விலை கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். மாமா என்னிடம், "நீ படிச்ச படிப்புக்கு இதக்கூடப் பாக்க மாட்டியா?" என்றார்.

"மொதல்ல காசு செலவாகாததப் பாத்துருவோம் மாமா" என்றேன்.

சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லையென்றால் அதை இழுக்கும் கேபிளையோ பல்சக்கரத்தையோ சந்தேகிக்கலாம். இவருடையதோ வருகிறது, திரும்பிப் போகிறது. அப்படியென்றால் ஃபியூஸ் உயிரோடு இருக்கிறது, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது. சாகாத மோட்டாருக்குச் சாவுச் சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள். தண்டவாளத்தைத் துணியால் துடைத்தோம். இலைத்தூள் நிறைய வந்தது, ஆனாலும் மூடவில்லை. அடுத்தது மறுபடி பழக்குவது. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் சில கார்களில் கண்ணாடி தன் எல்லை எங்கே என்பதை மறந்துவிடும். சுவிட்சைக் கையேட்டில் சொன்னபடி விடாமல் பிடித்தால் ஒருமுறை முழுக்க ஓடித் தன் எல்லையைக் கற்றுக்கொள்ளும். எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்பது காருக்குக் கார் மாறும். பிடித்தோம். போய் வந்து மூடிக்கொண்டது.

அந்தப் போமென் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவசரம்தான். ஆனால் ஒரு முறைமை அங்கே தலைகீழாகிவிட்டது. திருப்பி எடுக்க முடிகிற சோதனை முதலில், திருப்ப முடியாதது கடைசியில். கூரை ஒழுகினாலும் இதே முறைதான். சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை. உள்ளே வரும் தண்ணீர் மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கிப் போகும். குழாய் அடைத்திருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், சிந்தினால் துடைத்துவிடலாம். எடுத்த எடுப்பில் அழுத்தமான காற்றைப் பீய்ச்சினால் உறைக்குள்ளே குழாய் கழன்று போகக்கூடும்.

பாண்டியன் நெடுஞ்செழியன் செய்ததும் இந்த வரிசைப் பிழைதான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தச் சோதனை அவனுடைய சபையில் நடக்கத்தான் செய்தது, ஆனால் கோவலனை வெட்டிய பிறகு. நம் நாட்டில் சில குற்றங்களுக்கு நீதிபதிக்கு வேறு வழியே இல்லாதபடி இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4ஆம் தேதிதான் நீங்கியது. கோவலனிலிருந்து அதுவரைக்கும் ஒரே கேள்விதான்: தவறு செய்யத்தான் போகிறோம் என்றால், திருத்த முடிகிற தவறைச் செய்யலாமே?

இதோடு நிறுத்தினால் பத்திரமான முடிவு. ஆனால் "ஜாக்கிரதை" என்ற வார்த்தை எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. நண்பன் ஒருவன் பாயான் பாருவில் அறை தேடினான். போனில் மலாயில் பேசும்வரை அறை இருந்தது. பெயரைச் சொன்னதும், "இந்தியரா? மன்னிக்கணும், முன்னாடி ஒருத்தர் வாடகை கட்டாம போயிட்டார்." இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இந்த போன் பழக்கம்தான். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டால் அவரும் சன்ரூஃப் மாதிரிதான் பேசுவார்: எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் பின்வாங்கினேன், பாதுகாப்புக்காக.

ஏன் அந்தக் கண்ணாடியின் சந்தேகத்தை மதிக்கிறோம், இவருடையதை மதிக்க முடியவில்லை? யார் விலை கொடுக்கிறார் என்று பார்த்தால் புரிகிறது. கண்ணாடி வீணாகச் சந்தேகப்பட்டால் நனைவது சுவிட்ச் வைத்திருப்பவரின் சீட். காப்பாற்றப்படுவது சுவிட்ச் இல்லாதவரின் விரல். வீட்டுக்காரர் வீணாகச் சந்தேகப்பட்டால் அவர் நனைவதில்லை, அடுத்தவர் வந்து முன்பணம் கட்டிவிடுவார். நனைவது வாசலில் நிற்பவன். பாண்டியன் கையில் சுவிட்ச் இருந்தது, கோவலனிடம் கழுத்துதான் இருந்தது. ஆகவே திருத்த முடிகிற தவறு என்பது மட்டும் போதாது. தவறின் செலவு அதிகாரம் உள்ளவர் தலையில் விழ வேண்டும். இல்லையென்றால் ஜாக்கிரதை என்பது பலசாலியின் சௌகரியத்துக்கு இன்னொரு பெயர்.

சரி, அதற்காகக் காலம் பூராவும் திறந்தே கிடக்கலாமா? முடியாது. சீட் பூஞ்சை பிடிக்கும், எல்லாச் சில்லையும் எறிந்தால் தொழிற்சாலை மூடும். எப்போதாவது மூடித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பல கார்களில் சுவிட்சை விடாமல் அழுத்தினால் தடையைப் பொருட்படுத்தாமல் மூட வழி வைத்திருக்கிறார்கள். மாமாவின் காரைப் பழக்கும்போதும் பின் சீட்டிலிருந்த தங்கச்சி பிள்ளையை முதலில் கீழே இறக்கினோம். அந்த வழியைப் பயன்படுத்தும்போது சந்தேகப்படும் வேலையை இயந்திரத்திடமிருந்து நாம் வாங்கிக்கொள்கிறோம். அப்புறம் அண்ணாந்து பார்க்க வேண்டிய கண் நம்முடையது. பார்க்காமல் அழுத்துபவர் மூடுவது கூரையை மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

100 நியூட்டன் என்ற எண்ணை யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து, வாதாடி, எழுதி வைத்தார்கள். மாமாவையோ அவர் பேத்தியையோ அவர்களுக்குத் தெரியாது. தெரியாத பிள்ளையின் விரலுக்காகத் தெரியாத மனிதரின் சீட் நனையலாம் என்று முடிவெடுத்தார்கள். வாடகை கேட்டு வருகிறவர், நேர்காணலுக்கு வருகிறவர், நாம் நடத்தும் சின்னச் சின்ன விசாரணைகளில் மாட்டுகிறவர் ஆகியோருக்கு எதிரே நம் கையிலும் சுவிட்ச் இருக்கிறது. அதற்கு அப்படி ஓர் எண்ணை யாரும் எழுதித் தரவில்லை. எவ்வளவு அழுத்திய பிறகு நிறுத்துவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும், அழுத்தத் தொடங்குவதற்கு முன்பே.