முதல் தேதியா, ஐந்தாம் தேதியா?

நவராத்திரி தொடங்குவதற்கு முந்தின நாள் வேளிமலைக் கோயில் குமாரசுவாமி திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்து சேர்ந்துவிடுவார். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் சேர்ந்து புறப்படும் பயணம் அது. முதல் இரவு குழித்துறையில், மறு இரவு நெய்யாற்றின்கரையில், மூன்றாம் நாள் திருவனந்தபுரத்தில். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், நங்கை செந்திட்டைக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலுக்கும் பிரிந்து போகிறார்கள். பூஜை மறுநாள்தான். யாரோ ஒருவர் என்றோ பூஜை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வழியில் தங்கும் இரவுகளைக் கழித்து, புறப்படும் நாளைக் குறித்திருக்கிறார்.

அதே ஆரியசாலையில் பாத்திரக் கடை ஒன்றில் கணக்கெழுதும் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 28,000 ரூபாய். ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு. வீட்டுக் கடன் வாங்கிய வங்கியில் இன்னொரு கணக்கு. ஐந்தாம் தேதி அங்கிருந்து 7,500 ரூபாய் தவணை போகும். மகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் போடும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு மூன்றாவது. மூன்று கணக்கும் அவருடையவைதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாதாமாதம் தானாகப் போகும்படி செல்போனிலேயே ஏற்பாடு செய்துவிடலாம். தொகையைத் தட்டுகிறார், கணக்கு எண்ணைத் தட்டுகிறார். 'எந்தத் தேதி?' என்ற கட்டத்தில் கட்டைவிரல் நின்றுவிடுகிறது.

முதல் தேதி என்று வைத்தால் சம்பளம் வந்திருக்காது. முதலாளி மூன்றாம் தேதி போடுவார். நடுவில் ஞாயிறு வந்தால் நான்கு. பத்தாம் தேதி என்று வைத்தால் மளிகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் போய் மிச்சம் என்னவென்று தெரியாது. இந்தச் சின்னக் கட்டத்தில் அவர் எழுதப்போகும் எண், குடும்பத்தில் யாருக்கு முதலில் பணம், யாருக்குக் கடைசியில் என்பதைத் தீர்மானிக்கும். அதனால்தான் அது கணக்கு வழக்காக மட்டும் முடிந்துபோவதில்லை.

தேதிக்கு இந்த நாட்டில் காசு மதிப்பும் உண்டு. 2010 ஏப்ரல் 1-க்கு முன்பு, சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வங்கிகள் வட்டி கொடுத்தன. பத்தாம் தேதிக்குள் போட்டுவிட்டு மாதம் முடியும் வரை தொடாமல் இருப்பவருக்கே முழு வட்டி. இருபத்தொன்பதாம் தேதி ஒரு கல்யாணத்துக்காக ஐயாயிரம் எடுத்தாலும் அந்த ஐயாயிரத்துக்கு மாதம் முழுக்க வட்டி போச்சு. ரிசர்வ் வங்கி அதை மாற்றி, ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடச் சொன்னது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பத்தாம் தேதி வழக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

பிபிஎஃபில் அந்த எல்லை ஐந்தாம் தேதி. ஐந்தாம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்கே அந்த மாத வட்டி. 2020 ஏப்ரலில் வட்டி 7.9-லிருந்து 7.1 விழுக்காடாக இறங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால், வருட உச்சவரம்பான 1,50,000 ரூபாயைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 12,500 ரூபாய் கட்டுபவர், ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு நாள் தாமதித்து ஆறாம் தேதி கட்டினால் வருடத்துக்கு 887 ரூபாய் 50 காசு இழக்கிறார். கணக்கெழுதுபவரின் 2,000 ரூபாய்க்கு அந்த இழப்பு வருடத்துக்கு 142 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் தேதியை மாற்ற ஒரு பைசா செலவில்லை என்னும்போது அதை ஏன் விட வேண்டும்?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வட்டிக்காகப் பணத்தைக் கடைசி நிமிஷம் வரை சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கும் சாமர்த்தியம் எவ்வளவு சம்பாதிக்கிறது? 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி சேமிப்பு வட்டியை 2.5 விழுக்காடாக்கியது. அந்த வட்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் பத்து நாள் இருந்தால் ஏழு ரூபாய்கூடச் சேராது. அந்த ஏழு ரூபாயை நம்பித் தவணைக் கணக்குக்குப் பணம் போய்ச் சேர ஒரு நாள் பிந்தினால், வங்கி விதிக்கும் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பல மாத வட்டியைச் சேர்த்து விழுங்கிவிடும். தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்புவதைச் செக் திரும்புவதற்கு இணையான குற்றமாகவே 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு பார்க்கிறது.

பணம் வழியில் தங்கும் இரவுகள் இப்போது குறைந்துவிட்டன என்பது உண்மை. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகலாக, அரை மணிக்கு ஒரு முறை நடக்கிறது. தவணைகளை இழுக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறும் விடுமுறையும் பார்ப்பதில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பு ஐந்தாம் தேதி ஞாயிறானால் தவணை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். மூச்சுவிட ஒரு நாள் கிடைக்கும். இப்போது ஞாயிறு காலையிலேயே பணத்தைக் கேட்கும். ஐந்தாம் தேதி சம்பளம் போடும் முதலாளியோ திங்கட்கிழமைதான் போடுவார். இயந்திரத்துக்கு விடுமுறை போய்விட்டது, மனிதருக்கு இருக்கிறது. ஓணத்தின் தொடர் விடுமுறையில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகும்.

எடுத்து வைக்க வேண்டிய நேரம் எது என்பதை நம் சமையலறைகள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தன. உலையில் போட அரிசியை அளந்ததும் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். காஞ்சிப் பெரியவர் அந்தப் பிடியரிசி வழக்கத்தை ஊருக்கான தர்மமாகவே பரப்பினார். சோறு வடித்து எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தில் எடுக்கலாம் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்கவில்லை. அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் சேர்ந்த சிறுவாடும் அப்படித்தான்: செலவுப் பணம் கைக்கு வந்த அன்றே ஒதுங்கியது.

பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் நேரத்தைப் பற்றியதுதான். சேமிப்பை உடனே கூட்டுங்கள் என்று அவர்கள் அமெரிக்க ஊழியர்களிடம் கேட்கவில்லை. அடுத்த சம்பள உயர்வு வரும்போது கூட்டுவதற்கு இப்போதே சம்மதியுங்கள் என்றார்கள். ஒரு நிறுவனத்தில் அப்படிச் சம்மதித்தவர்களின் சேமிப்பு, 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6-க்குப் போனது. பணம் கைக்குப் பழகும் முன்பே அது வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஆனால் ஆரியசாலையை ஒட்டிய கடைத்தெரு மாதச் சம்பளம் இல்லாதவர்களின் தெரு. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் கல்லாதான் வருமானம். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அங்குள்ள மனிதர்களைத்தான் 'கடைத்தெருக் கதைகள்' ஆக்கினார். ஆற்றுக்கால் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மண்பானைகள் குவியலாக விற்கும். ஆவணியில் ஓணச் சரக்கு பறக்கும். அதற்கு முந்தின கர்க்கடகத்தில் மழையும் மந்தமும். இப்படி ஏறி இறங்கும் வருமானத்தை மாதம் ஒரு தேதியில், ஒரே தொகையில் கட்டிப்போட முடியாது.

அவர்களுக்கு ஏற்ற முறையை உடுப்பியில் டி.எம்.ஏ. பாய் 1928-லேயே கண்டுபிடித்தார். பின்னாளில் சிண்டிகேட் வங்கி ஆன அவரது வங்கியின் ஆள் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் போய் இரண்டணா முதல் வாங்கி வருவார். பிக்மி சேமிப்பு என்று பெயர். வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நடத்திய தினசரி வசூலின் மூத்த வடிவம் அது. கல்லாவில் காசு இருக்கும் மாலை நேரத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. மந்தமான நாளில் ஐம்பது ரூபாய், நல்ல நாளில் ஐந்நூறு. செல்போன் ஏற்பாட்டையும் கடைக்காரர் இப்படி அமைத்துக்கொள்ளலாம்: வாரத்துக்கு ஒன்று, சிறு தொகை, வசூல் கூடும் நாளுக்கு மறுநாள்.

கணக்கெழுதுபவரிடம் திரும்புவோம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கடந்த ஒரு வருடப் பாஸ்புத்தகத்தைப் பிரித்து, சம்பளம் வந்த பன்னிரண்டு தேதிகளையும் ஒரு தாளில் எழுதுவது. பத்து முறை மூன்றாம் தேதி, இரண்டு முறை நான்கு என்று வரட்டும். அப்படியானால் நான்காம் தேதி இரவுதான் அவருக்குப் பாதுகாப்பு. அதற்கும், தவணையும் பிபிஎஃப் எல்லையும் வரும் ஐந்தாம் தேதிக்கும் நடுவில் ஒரு மூச்சுதான் இடைவெளி. அதை அகலமாக்க ஒரு வழி, தவணைத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பார்ப்பது. இன்னொன்று மெதுவான வழி: ஓண போனஸிலிருந்தோ வேறு எதிலிருந்தோ 9,500 ரூபாயைச் சேர்த்துச் சம்பளக் கணக்கிலேயே தொடாமல் விடுவது. அதன்பின் இந்த மாதச் சேமிப்பும் தவணையும் போன மாதச் சம்பளத்திலிருந்தே போகும். சம்பளம் நான்கில் வந்தாலும் ஏழில் வந்தாலும் அவருக்கு நெஞ்சு படபடக்காது.

அந்தத் தொகை சேர அவருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். சேர்ந்த மாதம், கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து அவர் செல்போனைத் திறக்கிறார். இரண்டு மாற்றங்களுக்கும் நான்கு என்றிருந்த தேதியை அழித்து, ஒன்று என்று எழுதுகிறார்.