ஒன்றுக்கு மூன்று

"ஒரு ஆணுக்கு மூணு பொண்ணு போட்டுக்கோக்கா. ஒரு பிரச்சினையும் வராது."

கொளத்தூரில் மீன் விற்கும் தம்பி சொன்னது இது. மகள் கேட்டாளென்று முதலில் ஒரு ஜோடி கப்பி வாங்கியிருந்தேன். ஒரே வாரத்தில் பெண் மீன் வால் கிழிந்து, ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. தீனி போட்டாலும் மேலே வரவில்லை. அதைச் சொன்னபோதுதான் அந்தப் பதில் வந்தது. கப்பி வளர்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆண் கப்பி பொழுது முழுக்கப் பெண்ணைத் துரத்தும். அது இணங்காவிட்டால், கூராக நீண்ட தன் அடித்துடுப்போடு பின்னாலிருந்து பாயும். பெண் ஒன்றே ஒன்று என்றால் எல்லாம் அதன் தலையில் விழும். மூன்று இருந்தால் பங்கு பிரிந்துவிடும்.

இன்னும் இரண்டு பெண் மீன்கள் வாங்கி விட்டேன். தம்பி சொன்னது பலித்தது. கிழிந்த வால் வளர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டியைப் பார்த்து, "எவ்ளோ அமைதியா இருக்கு" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயோடு உட்கார்ந்து ஆண் மீனை மட்டும் கவனித்தேன். அதன் துரத்தல் ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை. ஆள் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

டீ ஆறிப்போனது. இந்தக் கணக்கை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பியும் தகடும் ஏற்ற வரும் லாரிகள், எடைமேடை, வெயில். கடையில் நான் ஒருத்திதான் பெண். அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பில்லைப் பார்ப்பார். மீதியை எழுத வேண்டியதில்லை. எட்டு மாதம் பொறுத்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. அடுத்த மாதமே இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தார். "இனிமே நீ தனியா இருக்க வேணாம்மா" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத வைப்பது அந்த நிம்மதிதான். என் மேல் விழுந்தது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. மற்ற இரண்டு பங்கில் ஒன்று, எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. எதற்காகத் தன்னை எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கான சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். எங்கள் கடையில் புதியவர்களையும் சேர்த்து எட்டுப் பேர். பத்துப் பேருக்கும் குறைவாக இருக்கும் இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. அந்த வேலையை விட்ட பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது.

பங்கிடுவது தவறா? செத்துக்கொண்டிருந்த மீன் பிழைத்ததே. சந்தையில் வேலை பார்த்தவளுக்குப் பாரத்தைப் பங்கிடுவதன் நியாயம் புரியும். ஒருவர் தூக்க முடியாததை மூன்று பேர் சேர்ந்து தூக்குவார்கள். ஆனால் கம்பிக்கட்டு எப்படியும் லாரியில் ஏறியாக வேண்டும். நாங்கள் மூவரும் சுமந்ததை யாருமே சுமந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே கடையில் ஃபைட்டர் மீன்கள் ஆளுக்கொரு பாட்டிலில், நடுவே அட்டை வைத்து நிற்கும். இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால் ஒன்று செத்துவிடும் என்று யாரும் கேட்காமலே பிரித்து வைக்கிறார்கள். அடிபடுவது ஆணாக இருந்தால் தடுப்பு, பெண்ணாக இருந்தால் கூடுதல் பெண்கள். (டைகர் பார்பையும் கூட்டமாகத்தான் வைக்கச் சொல்கிறார்கள், அதில் ஆண் பெண் கணக்கில்லை. எனவே இதை ஒரு விதியாக நீட்ட மாட்டேன்.)

"இயற்கைதானே" என்பார்கள். கப்பியின் இயற்கையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்களின் தொல்லையால் பெண் கப்பி இரை தேடும் நேரம் குறைகிறது என்று ஆன் மகுரனும் பெனோனி செகர்ஸும் 1994இல் எழுதினார்கள். டிரினிடாட் ஆறுகளில் பெண் கப்பிகள் பெரிய மீன்கள் பிடித்துத் தின்னும் ஆபத்தான நீருக்கு ஒதுங்குகின்றன என்று 2008இல் சாஃபி டார்டனும் டாரன் கிராஃப்ட்டும் காட்டினார்கள். அங்கே ஆண்கள் குறைவு. பளிச்சென்ற நிறம் ஆணைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக இயற்கையில் அவள் பொறுத்துப் போகவில்லை. உயிரைப் பணயம் வைத்து விலகிப் போகிறாள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் ஃபில்டருக்குப் பின்னால் மட்டும்தான் போக முடியும். தொட்டியை வாங்கியது நான்.

ஆண் மீன் குற்றவாளி இல்லை, அதற்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது. அந்த மூத்தவருக்குத் தெரியும். முதலாளி வந்தால் நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளி நிற்கத் தெரிந்தவர் அவர்.

ஆண் மீனை வேலம்பாசி போட்ட வேறொரு டப்பாவுக்கு மாற்றினேன். "பாவம், தனியா இருக்கு" என்றாள் மகள். ஒண்டிக் கிடந்த பெண் மீனை யாரும் பாவம் என்று சொன்னதாக ஞாபகமில்லை, நான் உட்பட. மூன்று பெண்களும் இப்போது தீனி போட்டதும் மேலே வருகின்றன. பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும் என்பதால் ஆண் இல்லாமலே இரண்டு முறை குட்டி போட்டாயிற்று. முதல் ஈட்டில் நான்கு குட்டிகளுக்கு அடித்துடுப்பு கூராகத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டப்பா வாங்க வேண்டும்.

எண்ணூர்ப் பெண்ணின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. அது இப்போதும் அவளுடையதுதானா என்று நான் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.