பிள்ளையைப் பிரிக்கும் கருணை

கூரை ஒழுகுது, பிள்ளைக்குச் சரியான சோறில்ல. இது தாய் செய்த குற்றமா? கனடாவில் பூர்வகுடித் தாய்மார்மேல் அப்படித்தான் சுமத்தினார்கள். 2021 கணக்கெடுப்பில், 14 வயதுவரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம், வளர்ப்பு வீடுகளில் இருந்த பிள்ளைகளிலோ 53.8 சதவீதம். இவர்களுக்கு மட்டும் பாசம் வத்திப்போச்சா என்ன?

2016இல் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் இதைப் பாகுபாடு என்றது. அரசு அவர்களை ஒதுக்கிவைத்த நிலங்களில், குடும்பம் சிதறாமல் காக்கத் தந்த பணத்துக்கு வரம்பு இருந்தது. பிள்ளையைப் பிரித்தெடுத்தால் ஆன செலவு முழுசும் கிடைத்தது. கூரைக்குக் காசில்ல, குழந்தையைத் தூக்கக் காசிருக்கு! இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

வதைபடும் குழந்தையை மீட்கத்தான் வேண்டும். அதில் பேச்சே இல்லை. ஆனால் வறுமையை உண்டாக்கிய கையே வறுமைக்காகத் தாயைத் தண்டிப்பது எந்த அறம்? அந்தக் காசை முதலில் அவள் கையில் கொடுங்கள். கருணையைப் பற்றி அப்புறம் பேசலாம்.